ஐம்பத்து நாலு படியும் இரண்டு மில்லிமீட்டரும்

எழுபத்து நான்கு வயதில், வலது கையில் இருபத்தைந்து கிலோ பொன்னி அரிசி மூட்டையோடு, மூன்று மாடி, ஐம்பத்து நாலு படி, ஐம்பத்து நாலே நொடியில் ஏறியவன் நான். மேலே போய்க் கதவைத் தட்டியபோது என் செருப்புச் சத்தம் இன்னும் இரண்டாவது மாடியில்தான் வந்துகொண்டிருந்தது.

நம்பவேண்டாம். தரைத்தளத்து வீட்டு ராஜகோபாலனும் இந்த மாதிரி எதையும் நம்புகிறவர் இல்லை. முப்பத்தாறு வருஷம் கணக்குத் தணிக்கையில் இருந்தவர். இன்று காலை சூரியன் கிழக்கே உதித்தது என்று சொன்னால், "எத்தனை மணிக்கு? யார் பார்த்தா? கையெழுத்து எங்கே?" என்பார்.

என் பெயர் ஜம்புநாதன். ஓர் அமைச்சகத்தில் அண்டர் செக்ரட்டரியாக இருந்து ஓய்வு பெற்றவன். தில்லி முனிர்க்காவில் அரசு கட்டிய டி.டி.ஏ. ஃபிளாட், மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. நான் பொய் சொல்வதில்லை. உண்மைகள் பிறக்கும்போது சவலையாகப் பிறக்கின்றன. நான் அவற்றுக்குக் கொஞ்சம் நெய்யும் பருப்பும் போட்டு வளர்க்கிறேன், அவ்வளவுதான். என் மனைவி காமாக்ஷிக்கு இது தெரியும். வீட்டுக்கு யார் வந்தாலும் அடுக்களையிலிருந்தே குரல் கொடுப்பாள்: "அவர் சொல்றதை நாலால வகுத்துக்கோங்கோ!" லோதி கார்டனில் சிறுத்தையைப் பார்த்தேன் என்று ஒரு தடவை சொன்னேன். "நாலால வகுத்தா பூனை" என்றாள். பூனைதான்.

அவள் போய் மூன்று வருஷமாகிறது. அதற்கப்புறம் என்னை வகுக்க ஆளில்லை. இரண்டாவது மாடி மிஸஸ் பாட்டியா, நான் எது சொன்னாலும் "அச்சா, அங்கிள்ஜி" என்பாள். நேற்று ராத்திரி நிலா என் பால்கனியில் இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டுப் போனது என்றாலும் "அச்சா, அங்கிள்ஜி"தான். புனேயிலிருந்து மகன் அர்விந்த் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஃபோன் செய்வான். நான் பேசப் பேச அந்தப் பக்கம் கம்ப்யூட்டரைத் தட்டும் சத்தம் கேட்கும். கடைசியில் "ஓகே அப்பா" என்பான். ஆமாம் சொல்கிறவர்கள் யாரும் கேட்பதில்லை என்பதை எழுபத்தோரு வயதுக்கு மேல்தான் கண்டுபிடித்தேன். மறுத்துப் பேசுகிறவன்தான் ஒரு வார்த்தை விடாமல் கேட்கிறான். கேட்டால்தானே மறுக்க முடியும்?

வருஷத்தில் ஒரு நாள், நவம்பரில், நான் உயிரோடு இருப்பதாகப் பென்ஷன்காரர்களுக்குச் சான்று தரவேண்டும். மற்ற கிழவர்கள் அந்த நாளைத் திட்டுவார்கள். நான் முதல் நாளே சட்டை இஸ்திரி போட்டுவிடுவேன். நீ இருக்கிறாயா, எங்கே நிரூபி என்று இந்தப் பெரிய ஊரில் என்னைக் கேட்கிற ஒரே நாள் அது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, பிப்ரவரியில் ஒரு காலை, பால் பாக்கெட்டோடு மாடி ஏறுகையில், பின்பக்கம் இடுப்புக்குக் கீழே வலதுபுறம் சின்னதாகக் குழி விழுமே, அதற்கு ஒரு விரற்கடை கீழே, யாரோ ஸ்டேப்ளர் அடித்த மாதிரி இருந்தது. நின்றேன். அடுத்த படியில் வலது காலை வைத்து உடம்பைத் தூக்கினேன். இன்னொரு ஸ்டேப்ளர். ஐம்பத்து நாலு படிக்கும் ஐம்பத்து நாலு. வீட்டுக்குள் வந்தபோது நான் ஒரு தடித்த ஃபைல் ஆகியிருந்தேன்.

இறங்கினால் அவ்வளவு வலியில்லை. ஏறினால்தான். ஆனால் இறங்கியவன் ஏறித்தானே ஆகவேண்டும்? அதனால் இறங்குவதைக் குறைத்தேன். வாரம் இரண்டு தடவை, ஒரு தடவை, அப்புறம் இல்லை. மூன்றாவது மாடி ஒரு தீவாயிற்று. குக்கர் விசில் அடித்தால், "வரேன், வரேன்" என்று பதில் சொல்ல ஆரம்பித்தேன்.

தீவுக்கு ஒரே கப்பல், பால்கனியிலிருந்து கயிற்றில் இறங்கும் துணிப்பை. தில்லியில் இது எல்லா மாடியிலும் உண்டு. காய்கறி வண்டி வந்தால் பை இறங்கும், வெண்டைக்காயோடு ஏறும். காலை எட்டு மணிக்கு ராஜகோபாலன் தான் படித்து முடித்த பேப்பரை அதில் வைப்பார். அவருக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன; காமாக்ஷியை எடுத்துக்கொண்டு போன அன்று மேலே வந்தவர், அதற்கப்புறம் வந்ததில்லை. பேப்பரோடு ஒரு சீட்டும் இருக்கும். முதல் நாள் பால்கனியிலிருந்து நான் கத்தியதற்கு ஆட்சேபணை.

"நேற்றைய புழுதிக் காற்றில் தங்கள் போர்வை வசந்த் விஹார் வரை சென்றதாகக் கூறியுள்ளீர். இன்று அதே போர்வை கொடியில் காணப்படுகிறது. திரும்பி வந்த விதம் விளக்கப்படவில்லை."

நான் பின்பக்கத்தில் எழுதுவேன்: "எதிர்க்காற்று."

"ஏற்க இயலாது" என்று மத்தியானம் இன்னொரு சீட்டு வரும். இரண்டு சீட்டு வந்த நாள் எனக்குப் பண்டிகை.

ஒரு டாக்டர் படம் எடுக்கச் சொன்னார். டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது, இந்த வயதில் யாருக்குத்தான் இல்லை என்றார். மாத்திரை கொடுத்தார். டிஸ்க்குக்கு அது பிடித்திருக்கலாம்; எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்புறம்தான் ஜ்யோத்ஸ்னா வந்தாள். பிசியோதெரபி செய்கிற பெண். இங்கே தில்லி மோதி பாக்கில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், படிக்க வராது.

"அங்கிள், ஒரே ஒரு ஃபிங்கர். எங்க வலிக்குதோ அங்க வைங்க. பூரா ஹாத், முழுக் கை, வேண்டாம்."

வைத்தேன்.

"எடுத்துட்டு இன்னொரு வாட்டி வைங்க."

அதே இடம். காணாமல் போன ஃபைல் பீரோவுக்குப் பின்னால் கிடைத்தவள் மாதிரிச் சிரித்தாள். என்னைப் படுக்கவைத்து, தொடையை மடக்கிக் கீழே அழுத்தினாள். ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி இடுப்பெலும்பை மேலிருந்து அமுக்கினாள். மொத்தம் ஐந்து விதம். அதில் நாலில் எனக்கு உயிர் போயிற்று. பிற்பாடு எல்லாரிடமும் பதினாறு விதம் என்று சொன்னேன்.

"இது டிஸ்க் இல்ல அங்கிள். சாக்ரோ இலியாக் ஜாயிண்ட்" என்று பையிலிருந்து பிளாஸ்டிக் இடுப்பெலும்பு ஒன்றை எடுத்து என் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். மூன்று வருஷத்தில் அந்த மேஜைக்கு வந்த முதல் விருந்தாளி அது.

முதுகெலும்பின் அடியில் ஆப்பு மாதிரி ஒரு முக்கோண எலும்பு. அதற்கு இரண்டு பக்கமும் இறக்கை விரித்த இடுப்பெலும்புகள். தலை, தோள், வயிறு, கவலை எல்லாப் பாரமும் அந்த ஆப்பில் இறங்கி, அங்கே இரண்டாகப் பிரிந்து இரண்டு காலுக்கும் போகிறது. ஆப்பும் இறக்கையும் சேருகிற இடம் காது வடிவில் வளைந்திருக்கிறது.

"எனக்குப் பின்னால ரெண்டு காதா?"

"ஆமா அங்கிள். சின்ன வயசுல ஸ்மூத்தா இருக்கும். அப்புறம் மேடு பள்ளம் வந்துடும். இதோட மேடு அதோட பள்ளத்துல உக்காரும். பின்னாடி பாருங்க, ரெண்டு எலும்புக்கும் நடுவுல குட்டிக் குட்டி நார், அடைச்சு வெச்ச மாதிரி. பாடியிலயே ரொம்ப ஸ்ட்ராங் நார் இதுங்க. கீழ ரெண்டு நீள நார், நாம உக்கார்ற எலும்புக்கிட்ட போகுது. எல்லாம் சேர்ந்து புடிச்சிக்கும்."

"இவ்வளவு பேர் பிடித்துக்கொண்டிருக்கிறார்களே, அது எவ்வளவுதான் நகரும்?"

"ஒரு மில்லிமீட்டர், ரெண்டு மில்லிமீட்டர். கொஞ்சம் டில்ட் ஆகும், ரெண்டு மூணு டிகிரி. வயசானா இன்னும் கம்மி."

எனக்கு அந்த மூட்டின் மேல் உடனே மரியாதை வந்துவிட்டது. முப்பத்தெட்டு வருஷம் நான் வேலை பார்த்த செக்‌ஷனும் அதே வேகம்தான். நாம் எழுந்து நின்றால் அந்த ஆப்பு எலும்பின் மேல்முனை முன்பக்கம் லேசாகத் தலையாட்டுமாம்; படுத்தால் பின்பக்கம். சரிதான், இதுவும் "அச்சா, அங்கிள்ஜி" கட்சி என்று நினைத்துக்கொண்டேன்.

மல்லாந்து படுத்து வலது காலை நீட்டியபடி தூக்கச் சொன்னாள். குதுப் மினாரைத் தூக்குவது போலிருந்தது. பிறகு இரண்டு உள்ளங்கையாலும் என் இடுப்பை இருபுறமும் நெருக்கிப் பிடித்துக்கொண்டு, "இப்ப?" என்றாள். கால் கரண்டி மாதிரி லேசாக எழுந்தது. "பார்த்தீங்களா, நாருங்க லூஸா இருக்கு. வெளியிலேர்ந்து புடிச்சுக் குடுத்தா போதும்" என்று ஒரு பெல்ட்டைத் தாழ்வாகக் கட்டிவிட்டு, இரண்டு மூன்று பயிற்சியும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் குளித்துவிட்டு நானே கட்டிக்கொண்டேன். முப்பத்தெட்டு வருஷமாக பெல்ட்டை எங்கே கட்டினேனோ அங்கே. எங்கள் காலத்து அதிகாரிகளின் பேண்ட் தொப்புளுக்கு இரண்டங்குலம் மேலேதான் நிற்கும். அதற்குக் கீழே போனால் ஒழுங்கு நடவடிக்கை. கை தானாக அங்கே போயிற்று. வயிறு இறுகியது, வலி அப்படியே இருந்தது. மூன்று நாள் பார்த்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டேன்.

ஜ்யோத்ஸ்னா ஃபோன் செய்து, "எப்படி இருக்கு அங்கிள்?" என்றாள்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் என் வாய் என்னுடையது. "பிரமாதம்! காலையில சஃப்தர்ஜங் சமாதி வரைக்கும் ஓடிட்டு வந்தேன்."

"வெரி குட் அங்கிள்! அப்ப நான் இனிமே வரவேண்டாம்" என்று சந்தோஷமாக வைத்துவிட்டாள். நாலால் வகுக்க அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஏப்ரலில் ஒரு நாள் அர்விந்த் கிழமை மாறி ஃபோன் செய்தான். கம்ப்யூட்டர் சத்தம் இல்லை.

"அப்பா, ரெண்டு மாசமா நீங்க கீழயே இறங்கலையாமே? பாட்டியா ஆன்ட்டி சொன்னா."

"அவளுக்கு என்ன தெரியும்? தினம் மூணு வாட்டி இறங்கி ஏறறேன். நேத்திக்குக்கூட..."

"அப்பா."

நிறுத்தினேன்.

"கோயம்புத்தூர்ல ஒரு இடம் பார்த்திருக்கேன். எல்லாம் தரைத்தளம். தோட்டம் இருக்கு, டாக்டர் இருக்கார், எல்லாரும் நம்ம மனுஷா. ரொம்ப அன்பா பார்த்துப்பா. இந்த ஞாயித்துக்கிழமை விட்டு அடுத்த ஞாயித்துக்கிழமை நான் வரேன். நீங்க கீழேர்ந்து வீடு வரைக்கும் தனியா ஏறிட்டா, நான் வாயே திறக்கமாட்டேன், இங்கயே இருங்கோ. முடியலேன்னா என்கூடக் கிளம்பிடணும். சரியா?"

"சரி" என்றேன். வேறென்ன சொல்வது? தப்பான இடமாக இருக்காது. அன்பான மனிதர்கள், சமதரை, தோட்டம். நான் என்ன சொன்னாலும் ஆமாம் மாமா, ஆமாம் மாமா என்பார்கள். அங்கே எந்தப் பையில் எனக்கு ஆட்சேபணை வரும்?

அன்று சாயங்காலம் ஒரு சீட்டு எழுதிக் கயிற்றை இறக்கினேன்: "கோயம்புத்தூருக்கு மாற்றல் ஆகலாம். பன்னிரண்டு நாளில் தெரியும்."

பதில் வரவில்லை. மறுநாள் பேப்பர் மட்டும் வந்தது. அதற்கடுத்த நாளும் பேப்பர் மட்டும். பையை உதறிப் பார்த்தேன். மூன்றாம் நாள் சீட்டு வந்தது: "இன்று கிருத்திகை. மலைக் கோயில். எட்டரைக்கு ஆட்டோ வரும். இறங்க முடியும் என்று நீரே சொல்லியிருக்கிறீர்."

வேட்டி கட்டி, தோளில் மேல்துண்டைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். ராமகிருஷ்ணபுரத்துக் குன்றின் அடிவாரத்தில் ராஜகோபாலன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "நீர் முடிஞ்ச வரைக்கும் ஏறும். மீதியை முருகன் இறங்கி வந்து பார்த்துப்பான்."

சட்டையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். சாமிக்கு முன்னால் துண்டு தோளில் இருக்கலாமா? குன்று பூராவும் அவன் வீடு. எடுத்து இடுப்பில் சுற்றினேன். என் வயிறு முன்னே நீட்டிக்கொண்டிருப்பதால் துண்டு அதன் மேல் நிற்காது. வழுக்கிக்கொண்டு கீழே இடுப்பெலும்பில் போய்த்தான் உட்காரும். இழுத்து முடிந்தேன். முதல் படியில் காலை வைத்தேன்.

ஸ்டேப்ளர் இல்லை.

இரண்டாவது படி. இல்லை. ஏறினேன். எத்தனை படி என்று கேட்காதீர்கள், என் கணக்கில் பத்தாயிரம். மேலே போய் முருகனைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை; என் வாழ்க்கையில் அது நடந்தது அந்த ஒரு நிமிஷம்தான். இறங்கி வந்து, "ஓய், பறந்துட்டேன்!" என்று கத்தினேன்.

"பாதி வழியில நின்னு சுண்டல் தின்னுட்டு வரீர். வீட்டுப் படியில காட்டும்."

சட்டையைப் போட்டுக்கொண்டேன், துண்டு தோளுக்குப் போயிற்று, ஆட்டோவில் திரும்பினோம். வீட்டுப் படியில் காட்டினேன். ஒன்பதாவது படியில் ஸ்டேப்ளர் அடித்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முருகன் ராமகிருஷ்ணபுரத்தோடு நின்றுவிட்டான். முனிர்க்கா அவன் எல்லையில் இல்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக எனக்குப் பெரிதுபடுத்திச் சொல்ல எதுவும் தோன்றவில்லை. "முடியலை, ராஜகோபாலா" என்று மட்டும் சொன்னேன். ஓய் இல்லை, கிண்டல் இல்லை. வெறும் பெயர்.

அவர் கீழே, முதல் படிக்கு முன்னால், கைத்தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். என்னைத் தேற்றவில்லை. அது அவருக்கு வராது. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அங்க ஏறினேன்னு சொல்றீர். இங்க ஏற முடியலைன்னு சொல்றீர். ஆள் ஒண்ணு, கால் ஒண்ணு, ஒரு மணி நேரம் வித்தியாசம். ரெண்டு அறிக்கையும் ஒத்துப்போகலை. ஒண்ணு, நீர் பொய் சொல்றீர். இல்லை, நடுவுல ஏதோ மாறியிருக்கு."

"சாமி மாறியிருக்கு."

"சாமி எங்கயும் போகலை. சட்டை வந்திருக்கு." கைத்தடியின் நுனி மெல்ல எழுந்து என் தோளைக் காட்டியது. "துண்டு அங்க இடுப்புல இருந்தது. இப்ப ஏன் தோள்ல இருக்கு?"

படியிலேயே உட்கார்ந்து ஜ்யோத்ஸ்னாவுக்கு ஃபோன் போட்டேன். இந்த முறை வகுக்கத் தேவையில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். பெல்ட்டை எங்கே கட்டினேன் என்று கேட்டாள். சொன்னேன். அப்புறம் சிரித்தாள் பாருங்கள், ராஜகோபாலனுக்கே கேட்டது.

"அரே அங்கிள்! அது வயிறு! ஜாயிண்ட் கீழ இருக்கு. துண்டு கரெக்டான இடத்துல உக்காந்திருக்கு, பெல்ட் உக்காரலை. இன்னொண்ணு சொல்றேன், கேளுங்க. படி ஏறும்போது ரெயிலிங் எந்தப் பக்கம்?"

"இடது."

"சூப்பர். இடது கையால ரெயிலிங்க நல்லா கீழ இழுங்க, வலது காலால ஏறுங்க. இடது கையோட முதுகு மசில், நடுவுல கிராஸ் பண்ணி வலது பின்பக்க மசிலோட சேரும். அதுவும் ஒரு துண்டுதான், உள்ள கட்டின துண்டு. வெயிட் மட்டும் தூக்காதீங்க."

தோளில் இருந்த துண்டை எடுத்துத் தாழ்வாகக் கட்டி, இடது கையால் கம்பியை இழுத்து, மீதி நாற்பத்தைந்து படியையும் அரை மணி நேரத்தில் ஏறினேன். அதற்கப்புறம் ஒன்பது நாள், காலையில் அவள் சொன்ன பயிற்சி, சாயங்காலம் படி. முதல் நாள் ஒரு மாடி இறங்கி ஏறினேன். அடுத்து இரண்டு. ராஜகோபாலன் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, காதால் எண்ணுவார். "பதினேழுதான் கேட்டது. ஒண்ணை முழுங்கிட்டீர்!" என்று கத்துவார். அந்த ஒன்பது நாளும் நான் குக்கரோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அர்விந்தின் விமானம் பகல் பன்னிரண்டுக்கு. நான் பத்து மணிக்கே இறங்கி ராஜகோபாலன் வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். அவன் டாக்ஸியை விட்டு இறங்கியதும் அவன் கண்ணெதிரில் ஏறுவது என்று திட்டம். ஐ.என்.ஏ. மார்க்கெட் கடையிலிருந்து எனக்கு வந்த அரிசியும் அங்கேதான் இறங்கியிருந்தது. காபி குடித்துக்கொண்டிருக்கும்போது என் ஃபோன் அடித்தது.

"அப்பா, எங்க இருக்கேள்?" குரல் ஒரு மாதிரி இருந்தது. "காலை ஃப்ளைட்டே கிடைச்சுது. சாவி போட்டுத் திறந்தேன், வீட்டுல யாரும் இல்லை. மூணு ரூமும் பார்த்துட்டேன். பாத்ரூமும் பார்த்துட்டேன். எங்கப்பா போனேள்?"

நாங்கள் அடுக்களையில் இருந்தபோது அவன் எங்களைத் தாண்டி மேலே போயிருக்கிறான்.

"இதோ வரேன், அங்கயே இரு" என்று வைத்தேன்.

"கீழ வரச்சொல்லும் அவனை. பார்க்கட்டும்" என்றார் ராஜகோபாலன்.

அதுதான் புத்திசாலித்தனம். ஆனால் கதவைத் திறந்ததும் அப்பா அங்கே நிமிர்ந்து நிற்கிற காட்சி என் மனதில் ஓட ஆரம்பித்துவிட்டது. வெறுங்கையோடு நின்றால் நன்றாக இருக்குமா? அரிசிப் பையை எடுத்தேன்.

"ஓய், அந்தப் பொண்ணு வெயிட் தூக்கக்கூடாதுன்னு சொல்லித்தே!"

"அது சாதாரண மனுஷாளுக்கு."

துண்டை இறுக்கினேன். இடது கை கம்பியில். ஏறினேன்.

முதல் மாடி வீடு இரண்டு வருஷமாகப் பூட்டிக்கிடக்கிறது. கதவுக்கடியில் சொருகின காகிதங்கள் மஞ்சளாகியிருந்தன. அங்கே நின்று மூச்சு வாங்கினேன். இரண்டாவது மாடியில் பாட்டியா வீட்டு டி.வி. மட்டும் யாருக்கோ பாடிக்கொண்டிருந்தது. வலித்ததா? வலித்தது. ஸ்டேப்ளர் இல்லை, குண்டூசி. ஒவ்வொரு படியிலும் அந்த இரண்டு மில்லிமீட்டரை நான் உணர்ந்தேன்: ஆப்பு இறங்குகிறது, நார்கள் இறுகுகின்றன, பிடித்துக்கொள்கின்றன, விடவில்லை. கீழே எங்கேயோ ஏதோ சத்தம் கேட்டது. திரும்பவில்லை. திரும்பினால் கம்பியிலிருந்து கை போய்விடும்.

ஐம்பத்து நாலு. கதவைத் தட்டினேன்.

அர்விந்த் திறந்தான். கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்தான், அரிசியைப் பார்த்தான், எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"யாரு தூக்கிண்டு வந்தா?"

"நான்."

"உங்களை யாரு கூட்டிண்டு வந்தா? பாட்டியா அங்கிளா?"

"நானேதான்டா. தனியா."

அவன் முகத்தில் ஒரு கதவு பாதி திறந்தது. சத்தியமாகப் பார்த்தேன். "நிஜமாவாப்பா? எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ஐம்பத்து நாலு நொடி" என்றது என் வாய். "இருபத்தைந்து கிலோவோட. ஒரே மூச்சு."

கதவு மூடிவிட்டது. அவன் என் கையிலிருந்து பையை வாங்கிக் கீழே வைத்தான். கோபமாகப் பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"ஓகே அப்பா" என்றான், மிகவும் மென்மையாக. உள்ளே போய் அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்குகிற சத்தம் கேட்டது. என் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தான். நான் அறை வாசலில் துண்டோடு நின்றேன். எழுபத்து நாலு வருஷமாக வளர்த்துவிட்ட உண்மைகள் எல்லாம் சேர்ந்து வந்து, வளராத ஒரே ஒரு உண்மையைச் சாப்பிட்டுவிட்டன. "இல்லைடா, நிஜமா ஏறினேன்" என்றேன். எனக்கே அது புளுகு மாதிரி கேட்டது.

அப்போதுதான் வெளியே கைத்தடி தட்டியது. தட்டல், ஒரு நீண்ட மூச்சு. தட்டல், இன்னொரு மூச்சு. அர்விந்த் சட்டையும் கையுமாக வாசலுக்கு ஓடினான்.

ராஜகோபாலன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வேர்த்து, உதடு வெளுத்து, இரண்டு முழங்காலும் வெளிப்படையாக நடுங்கின.

"மாமா! நீங்க எப்படி... மூணு மாடி!"

"தண்ணி" என்றார்.

குடித்தார். நாற்காலியில் மெல்ல இறங்கினார். சுவரில் காமாக்ஷியின் படம். அதை இன்றுதான் முதலில் பார்க்கிறார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எதுக்கு மாமா ஏறினேள்?"

"கீழ உக்காந்துண்டு மூணாவது மாடிக்குச் சான்று தர முடியாது. நேர்ல பார்க்கணும்."

அர்விந்த் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், எதிரில் தரையில் உட்கார்ந்தான். "மாமா, அப்பா சொன்ன ஒரு வார்த்தையைக்கூட நீங்க நம்பினதில்லை. சின்ன வயசுலேர்ந்து பார்க்கறேன். நீங்களே சொல்லுங்கோ."

ராஜகோபாலன் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். எனக்கு அந்தக் கைக்குட்டையைப் பிடுங்கி எறியவேண்டும் போலிருந்தது.

"அரிசி இருபத்தைந்து கிலோ இல்லை. பையிலேயே போட்டிருக்கு, அஞ்சு."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஐம்பத்து நாலு நொடி இல்லை. ஆறு நிமிஷம் இருபது நொடி. ஒரே மூச்சும் இல்லை. முதல் மாடியில ஒரு தடவை, ரெண்டாவது மாடி திருப்பத்துல ஒரு தடவை நின்னார்."

ராஜகோபாலன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். காதுக்குப் பின்னால் சரிசெய்துகொண்டார்.

"யாரும் கை கொடுக்கலை. யாரும் கூட வரலை. ஒவ்வொரு படியையும் நான் ஒரு திருப்பம் பின்னாடியே வந்து பார்த்தேன்; கதவு திறந்தப்புறம் மீதிப் படிக்குத்தான் எனக்கு நேரமாச்சு." டம்ளரில் மீதியிருந்த தண்ணீரையும் குடித்தார். "நடந்ததுடா, அர்விந்த். உங்கப்பா ஏறினார்."